என்ஜினுக்கும் குலம் கேட்கிறவர்கள்

ஐம்பது வயதான காருக்கு மரியாதை வேண்டுமானால் அது பிறந்தபடியே இருக்க வேண்டும். இதை இப்போது சட்டமே சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென ஒரு பிரிவு சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும்; சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் பொறித்த தனி நம்பர் கிடைக்கும். பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம்.

கண்காட்சியில் வைக்கிற பொருளுக்கு இந்த விதி சரிதான். ஒரு காலத்தின் சாட்சியாக ஒன்றைப் பாதுகாக்கிறோம் என்றால் சாட்சியத்தில் கை வைக்கக் கூடாது. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்கும் ஒரு வண்டியின் என்ஜினை எடுத்துவிட்டு நேற்று வந்த என்ஜினை வைக்கப் போகிறோம் என்று யாராவது கிளம்பினால் நானும் எதிர்ப்பேன். என் வழக்கு வேறு. அருங்காட்சியகச் சுவருக்குள் நியாயமாக இருக்கிற அந்த விதி, சுவரைத் தாண்டி வந்து ஓடுகிற வண்டிக்கும் ஒழுக்கமாகிவிடுகிறது. மாற்றாதது உயர்ந்தது, மாற்றியது கெட்டது என்று காரணம் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். காரணம் கேட்காத தீர்ப்பு எங்கே இருந்தாலும் அதை நிறுத்திக் கேள்வி கேட்பதுதான் பகுத்தறிவாளன் வேலை. அது கோயிலில் இருந்தாலும் சரி, கார் பட்டறையில் இருந்தாலும் சரி.

குயிலாப்பாளையம் இதைப் பேசத் தோதான ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) பெரியமுதலியார்சாவடியிலிருந்து மேற்கே திரும்பி ஆரோவிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. செம்மண், முந்திரி, பனை என்றிருந்த கிராமம். 1968இல் ஆரோவில் தொடங்கிய பிறகு பல தேசத்துக்காரர்களும் வந்து புழங்குகிற இடமாயிற்று. அவர்களோடு பழைய வண்டி ஆசையும் வந்து சேர்ந்தது. சாலையோரம் புல்லட் மெக்கானிக் கடைகள், வாடகை ஸ்கூட்டர்கள், டிங்கரிங் வேலை. கிழக்கே சற்றுத் தள்ளிக் கடல், வடக்கே போனால் மரக்காணத்து உப்பளம். காற்றிலேயே உப்பு இருக்கிற இந்தக் கரையில் இரும்புக்கு ஆயுசு குறைவு. காரின் கதவு அடிவிளிம்பு, ஃபுளோர், ஜாக்கி வைக்கிற இடம், டிக்கியின் அடிப்பகுதி, இந்த வரிசையில் துரு ஏறும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். இங்கே பழைய காரை அப்படியே வைத்திருக்க ஆசைப்படுகிறவர்கூட ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தாக வேண்டும். ஆகவே ‘அப்படியே’ என்கிற சொல்லை இந்தக் கடற்கரையில் யாரும் உண்மையோடு சொல்ல முடியாது.

ஆனாலும் சொல்கிறார்கள். அம்பாசிடர் ஒன்றுக்கு நவீன என்ஜின் வைக்கலாமா என்ற பேச்சு வந்தால் இரண்டு கட்சி உடனே பிரியும். “ஒரிஜினல் என்ஜினை இறக்கிட்டா அப்புறம் அது அம்பாசிடரே இல்ல சார்” என்பது ஒரு கட்சி. “ஏ.சி. போட்டா மூச்சு வாங்குது, ஈ.சி.ஆர்.ல ஒரு பஸ்ஸ ஓவர்டேக் பண்ண முடியல, மாத்திட வேண்டியதுதான்” என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி பக்தியோடு பேசுகிறது, இரண்டாவது வசதியைப் பார்க்கிறது. இரண்டையுமே விசாரிக்க வேண்டும். பக்தி அதிகமாக இருக்கிற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

அம்பாசிடருக்கு ஒரிஜினல் என்ஜின் எது? இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் உடம்பை வாங்கி, வங்காளத்தின் உத்தரப்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார் அது. 1950களின் இறுதியில் வெளிவந்தபோது அதில் இருந்தது பழைய சைடு வால்வு என்ஜின். 1959இலேயே அதைக் கழற்றிவிட்டு 1,489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு என்ஜின் வைத்தார்கள். 1980 வாக்கில் டீசல் என்ஜின் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1,817 சி.சி. பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் அதே உடம்புக்குள் ஏறின. 2014 மே மாதம் உத்தரப்பாராவில் உற்பத்தி நின்றது வரைக்கும் அந்த வட்டமான கூரையும் உருண்டை விளக்கும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. உள்ளே இருந்த இதயம்தான் மாறிக்கொண்டே வந்தது. கம்பெனியே நாலைந்து முறை செய்ததை ஒரு மெக்கானிக் ஒரு முறை செய்தால் அது எப்படிக் குற்றமாகும்? கம்பெனி செய்தால் மாடல், மெக்கானிக் செய்தால் கலப்படமா?

நம் சென்னையிலேயே இன்னும் துலக்கமான ஒரு கதை இருக்கிறது. வண்டலூர்ப் பக்கம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ஹெரால்டு, கெஸல் கார்களைச் செய்துகொண்டிருந்தது. 1985இல் அது ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, 1977இல் ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ என்று பரிசு வாங்கிய வடிவம். அதற்குள்ளே வைத்ததோ 1940களின் இறுதியில் வந்த ஸ்டாண்டர்ட் வான்கார்டு காரின் வழிவந்த இரண்டு லிட்டர் என்ஜின். நவீன உடம்பில் பழைய என்ஜின். விலை அதிகம், பெட்ரோல் குடித்தது, இழுவை இல்லை. மூன்றாண்டுக்குள் கதை முடிந்தது. இதில் மாற்றம் என்பது பிழை அல்ல. பொருந்தாததைப் பொருத்தியதுதான் பிழை. அந்த வேறுபாட்டை ஆராயாமல் ஒரிஜினல் என்ற ஒரே சொல்லால் தீர்ப்புச் சொன்னால், தொழிற்சாலையிலிருந்து அந்த என்ஜினோடுதான் வந்தது என்பதால் ஸ்டாண்டர்ட் 2000 குற்றமற்றதாகிவிடும். எவ்வளவு தவறான அளவுகோல்!

குயிலாப்பாளையத்துச் சாலையில் தடதடக்கிற புல்லட்டும் இதே சாட்சி சொல்லும். 1955 முதல் சென்னையில் செய்யப்படுகிற வண்டி. வார்ப்பிரும்பு என்ஜின் போய், கியர் பெட்டியும் என்ஜினும் ஒரே கூடாக அமைந்த புது என்ஜின் 2009ஐ ஒட்டி வந்தது. சத்தம் போச்சே என்று அழுதவர்கள் உண்டு. வண்டியில் எண்ணெய் கசிவது நின்றது. கிளட்சும் கியரும் ஒழுங்காயின. இன்று அந்தப் புது என்ஜினையே பழைய காலத்து வண்டி என்று சொல்லிப் பெருமையாக ஓட்டுகிறார்கள்.

எரிபொருளையும் பாருங்கள். அந்தக் கால என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை. வால்வு உட்காரும் இடம் தேயாமல் அந்த ஈயம் பார்த்துக்கொண்டது. அதே ஈயம் புகையாக வெளியேறிக் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். அதற்காகப் பழைய என்ஜின்களில் வால்வு சீட்டை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் அதைத் தாங்காது, மாற்றியாக வேண்டும். பிரேக் லைனிங்கில் இருந்த கல்நாரை இன்று அறிவுள்ள எந்த மெக்கானிக்கும் தேட மாட்டார். டயர், பேட்டரி, ஒயரிங், ஆயில், கூலன்ட், பல்பு எல்லாம் மாறியவை. இவ்வளவையும் வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டு, என்ஜின் நம்பர் ஒன்றில் மட்டும் கற்பைக் காவல் காப்பது என்ன நேர்மை? ஒரிஜினலை உண்மையாகவே விரும்புகிறவர் ஈயப் பெட்ரோலையும் கேட்க வேண்டும். கேட்க மாட்டார், ஏனென்றால் அந்தப் புகையை அவர் பிள்ளையும் சுவாசிக்கும்.

இனி என் மனத்தில் உள்ளதைத் திறந்தே சொல்கிறேன். பழைய கார் சந்தையில் முதல் கேள்வி, என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பிறந்த நம்பர்தானா என்பது. திருட்டு வண்டியா என்று தெரிந்துகொள்ள அந்தக் கேள்வி தேவை. அந்தத் தேவை தீர்ந்த பிறகும் கேள்வி நிற்பதில்லை. பிறந்தபோது உடன் இருந்ததுதான் சேர வேண்டும், வேறு வீட்டுப் பொருள் உள்ளே வரக் கூடாது, வந்தால் மதிப்புப் போயிற்று. இந்தப் பேச்சை நாம் வேறெங்கே கேட்டிருக்கிறோம்? திருமணத் தரகரின் நோட்டில் கேட்டிருக்கிறோம். குலம் என்ன, கலப்பு உண்டா, ஆதியிலிருந்து யார் வழி என்று. பிறப்பை வைத்து மதிப்பிடுகிற பழக்கம் மனிதரிடம் பேசும்போது சட்டத்துக்கு அஞ்சிக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. பொருள்களிடம் அது கூச்சமில்லாமல் பேசுகிறது.

காரை வைத்துச் சாதியைப் பேசுவது மிகை என்பார்கள். இரும்புக்கு வலி இல்லை என்பது எனக்கும் தெரியும். சாதியின் கொடுமையை ஒரு வண்டியோடு நான் சமப்படுத்தவில்லை. நான் சொல்வது கேள்வி கேட்கும் முறையைப் பற்றி. ஒரு பொருளின் மதிப்பு அது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறதா, எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு இரும்பிடத்திலேயே தவறாக விடை சொல்லப் பழகுகிறவர், மனிதரிடம் சரியாக விடை சொல்வார் என்று நான் நம்பவில்லை.

பழமையைக் காப்பவர்கள் எப்போதும் கோயிலைக் காட்டுவார்கள். நானும் கோயிலுக்கே வருகிறேன். திருவாரூர் தியாகராசர் கோயிலின் ஆழித்தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர். பல ஆண்டு ஓடாமல் நின்ற அதை 1970இல், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, மறுபடி ஓட வைத்தார்கள். தேர் என்பது அசையும்போது அழகு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் எமன். அந்தக் காலத்தில் அதை நிறுத்த ஒரே வழி முட்டுக்கட்டை. சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆள் குனிந்து மரக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுக்க வேண்டும். கை தவறினால் கை போகும், கால் தவறினால் உயிர் போகும். பிறகு திருச்சி பெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். இன்று பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. மின்நிலையக் கொதிகலன் செய்யும் ஆலையின் பிரேக்கை வைத்ததால் தியாகராசர் தேரின் புனிதம் கெட்டது என்று ஒரு பக்தரும் சொல்லவில்லை. முட்டுக்கட்டைக்காரரின் குடும்பம் நிம்மதியாக மூச்சுவிட்டது. மாறாக, 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சைக்கு அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொரு பேர் இறந்தார்கள். சுற்றியுள்ள உலகம் மாறிய பிறகு பழையதை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தாமல் விட்டால் அதற்கு விலை மனித உயிர்.

நீங்கள் படிக்கிற இந்த எழுத்தும் மாற்றப்பட்ட எழுத்துதான். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கொண்டுவந்த சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. தமிழ் அழியவில்லை. அதே பெரியார் 1940களில் ‘இனிவரும் உலகம்’ நூலில், கார்களின் எடை மிகவும் குறையும், பெட்ரோலுக்குப் பதில் மின்சக்தி பயன்படலாம் என்றும் எழுதியிருந்தார். அவருக்கு மோட்டார் தொழில் தெரியாது. இன்று இருப்பது இப்படியே இருந்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் கிடையாது என்பது தெரியும். அதுவே போதுமாக இருந்தது.

இவ்வளவும் கேட்டு, என்ஜின் மாற்றுகிற கட்சிக்காரர்கள் என்னைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அவர்களிடமும் எனக்குக் கணக்கு இருக்கிறது, அது இன்னும் பெரியது.

இந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு முறை நடந்ததைப் பார்த்தேன். சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து ஜப்பான் கார் ஒன்றின் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் என்ஜின், ஒயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டியுமாக வந்து இறங்கியிருந்தது. வண்டிக்காரர் குதிரைசக்தி பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பெல் ஹவுசிங்குக்கு அடாப்டர் தகடு கடைய வேண்டும், மவுண்ட்டிங் புதிதாக அடிக்க வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி நீளம் குறைக்க வேண்டும், டாங்கிக்குள் ஹை பிரஷர் பம்ப் வைக்க வேண்டும் என்று வேலை வரிசை போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்து, அவர் முன்னால் வைத்தார். வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க பிரேக் ஆயிலில் ஊறிக் கறுத்திருந்தது. டிரம்மின் உள்சுவரில் விரல் நகம் மாட்டும் ஆழத்துக்குக் கீறல். “அண்ணே, இத முதல்ல பாக்கலாம். இப்ப இருக்கற என்ஜினுக்கே இது நிக்காது” என்றார். வண்டிக்காரர் அதைப் பார்த்தார். “அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்” என்றார்.

அந்தப் பதிலில்தான் ஒழுக்கக் கேடு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இது இயற்பியல், பேரம் பேச முடியாது. அறுபதில் போய்க்கொண்டிருந்த வண்டியை நூற்றிருபதில் ஓட்டினால் டிரம்மில் சேரும் வெப்பம் நான்கு மடங்கு. மூடிய டிரம்முக்குள் வெப்பம் வெளியேற வழி குறைவு. லைனிங் சூடேறிப் பிடிமானம் போகும், மிதி கால் அடியில் கல்லாக நிற்கும், வண்டி நிற்காது. மிகப் பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்று. எந்தக் குழாய் கசிந்தாலும் நான்கும் ஒன்றாகப் போய்விடும். ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்காது, நேராக மார்புக்கு வரும். அந்த உடம்பை அந்தப் பலத்துக்குத்தான் செய்தார்கள். என்ஜினை மாற்றுகிறவர் உடம்பின் எல்லையையும் சேர்த்து மாற்றியாக வேண்டும்: முன்னால் டிஸ்க், இரண்டு சுற்று மாஸ்டர் சிலிண்டர், புது சஸ்பென்ஷன், சீட் பெல்ட், உப்பு தின்ற ஃபுளோருக்கு முழுத் தகடு. இதைச் செய்யாமல் என்ஜினை மட்டும் மாற்றுகிறவர் தன் ஆசைக்கு அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கிறார். அந்த அடுத்தவர் யார்? அதிகாலையில் ஈ.சி.ஆரைக் கடந்து உப்பளத்துக்கு நடக்கிற பெண். மீன் அன்னக்கூடையைத் தலையில் வைத்து பொம்மையார்பாளையத்திலிருந்து வருகிற பாட்டி. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

‘புது என்ஜின் புகை குறைவு, சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்ற வாதமும் அவர்களிடம் உண்டு. உண்மையாக இருக்கலாம், ஒரு நிபந்தனையோடு. புகையைச் சுத்தம் செய்வது என்ஜின் மட்டும் அல்ல; ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்துதான். சைலன்சர் குழாய் வரிசையில் இடம் இல்லை, சத்தம் கம்பீரமாக இல்லை என்று கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, சுற்றுச்சூழலைப் பேசுவது பொய். பழைய பெட்ரோல் வண்டிக்கு நாம் எடுக்கிற புகைச் சான்றிதழ், வண்டி சும்மா உறுமி நிற்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் மட்டும் அளக்கிறது. அந்தத் தாளைக் காட்டி மனச்சாட்சியைச் சமாதானப்படுத்த முடியாது.

இன்னொன்றும் உண்டு. மாற்றிய வண்டியை மாற்றாத வண்டி என்று விற்பது. பிறந்த நம்பர் மீது சந்தைக்கு இருக்கிற வெறிதான் இந்தத் திருட்டுக்கு வாசல் திறக்கிறது. புது நம்பரை அடித்து ஒட்டுகிற கைகளை அந்த வெறியே வளர்க்கிறது. மாற்றியதை மாற்றியது என்று தலைநிமிர்ந்து சொல்லலாம் என்ற நிலை வந்தால் பொய்க்குத் தேவை குறையும். இறக்கிய என்ஜினைப் பழைய இரும்புக்குப் போடாமல், கிரீஸ் பூசி, எந்த வண்டியிலிருந்து எப்போது எடுத்தது என்று எழுதி வைத்தால் வரலாற்றுக்கும் நட்டம் இல்லை.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சாலை எல்லோருக்கும் பொது என்பதால் கட்டுப்பாடு வேண்டும். இதை நான் ஏற்கிறேன். அதே சட்டம் விதிவிலக்கும் வைத்திருக்கிறது. எரிவாயுவுக்கோ பேட்டரிக்கோ அங்கீகரித்த கிட் வைத்து மாற்றலாம். மாற்றுத்திறனாளிகள் தங்கள் வண்டியைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு ஒப்புதல் பெறலாம். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவரைப் பார்க்கும்போது, தயாரிப்பாளர் சொன்னதே வேதம் இல்லை என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டது தெரிகிறது. தேவை இருக்கிறது, பாதுகாப்பைச் சோதிக்க வழி இருக்கிறது. அவ்வளவு போதும் என்று அங்கே சட்டம் பகுத்தறிவோடு நடந்துகொண்டது. மற்ற இடத்தில் ஏன் நடக்கவில்லை?

விடை எனக்குக் கசப்பானது. சென்னையில் மீன்பாடி வண்டி இருக்கிறது. மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் பழைய ஸ்கூட்டர் என்ஜினையோ மொபெட் என்ஜினையோ பொருத்தி மீனும் தண்ணீர் கேனும் கட்டடக் கம்பியும் ஏற்றுகிறார்கள். மிதித்து மிதித்து நெஞ்சு தேய்ந்த ஏழைத் தொழிலாளியின் கண்டுபிடிப்பு அது. உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். பறிமுதல், அபராதம், திட்டு. அதன் பிரேக் மோசம், உண்மை. கம்பி நீட்டிக்கொண்டு போவது ஆபத்து, உண்மை. ஆனால் 2018இல் பிரிட்டன் இளவரசர் ஹாரி தன் திருமண நாளில் ஓட்டிச் சென்ற ஜாகுவார் இ-டைப் 1968ஆம் ஆண்டின் வண்டி. பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்தது. உலகம் கை தட்டியது. பழைய வண்டிகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா மட்டும், மின்சாரத்துக்கு மாற்றியதை வரலாற்று வாகனம் என்று சொல்ல முடியாது என்று அடுத்த ஆண்டு முணுமுணுத்தது. பணக்காரர் மாற்றினால் கலை, ஏழை மாற்றினால் குற்றம். பொறியியல் ரீதியாக இரண்டும் ஒரே செயல்.

இந்தக் கரையின் மீனவரையே பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரத்தின் இடத்தில் என்ஜின் வந்தது. பாய் விரித்த கட்டுமரம் படம் பிடிக்க அழகாக இருந்தது என்று வருந்துகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். காற்று திரும்புகிற நேரத்தில் கரையில் நின்று காத்திருக்கிற மனைவி அந்த அழகைப் பற்றி என்ன நினைப்பாள் என்று அவர்கள் கேட்டதில்லை. டீசல் விலையும் கடனும் அந்த என்ஜினோடு வந்தன, அதை மறைக்கவில்லை. அதையும் சேர்த்து எடை போட்டு முடிவு செய்யும் உரிமை கடலுக்குப் போகிறவருடையது, படம் பிடிக்கிறவருடையது அல்ல.

நம்பிக்கையின் பெயரால் நடக்கிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புது என்ஜின் வைத்த வண்டி பட்டறையைவிட்டு இறங்கும்போது நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். பம்பரில் திருஷ்டிக் கயிறு கட்டுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பிரேக் டெஸ்ட் செய்யலாம்: காலியான சாலையில் நாற்பதில் ஓட்டி அழுத்தி மிதித்து, வண்டி நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்கலாம். எலுமிச்சம்பழம் வீல் சிலிண்டர் கசிவைச் சொல்லாது. அந்தச் சோதனை சொல்லும்.

ஆகவே என் கோரிக்கை இது. என்ஜின் எங்கே பிறந்தது என்று கேட்பதை நிறுத்துங்கள். எத்தனை மீட்டரில் நிற்கிறது, எவ்வளவு புகைக்கிறது, விளக்கு எரிகிறதா, மோதினால் உள்ளே இருப்பவருக்கும் வெளியே நடப்பவருக்கும் என்ன ஆகும் என்று கேளுங்கள். இதற்கு ரோலர் பிரேக் டெஸ்டர் இருக்கிறது, புகை அளக்கும் கருவி இருக்கிறது, வெல்டிங்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடப் படித்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுக்கிற நேரத்தில் பாதியை இந்தச் சோதனைக்குக் கொடுங்கள். தேறிய வண்டியின் ஆர்.சி. புக்கில் என்ஜின் மாற்றப்பட்டது என்று தேதியோடு தெளிவாக எழுதுங்கள். தேறாததைத் திருப்பி அனுப்புங்கள், அதன் சொந்தக்காரர் யாராக இருந்தாலும். இதற்குச் சட்டத்தில் வழி இல்லை என்றால், மாற்றுத்திறனாளியின் ஸ்கூட்டருக்கு வழி செய்த நாடாளுமன்றம் இதற்கும் செய்ய முடியும். அந்தச் சோதனைத் தளம் திறக்கிற நாளில் குயிலாப்பாளையத்து அம்பாசிடரும் சென்னையின் மீன்பாடி வண்டியும் ஒரே வரிசையில், ஒரே கட்டணத்தில் நிற்க வேண்டும்.